வருஷத்துக்கு ஒரு சாமான்

பதுளை,
14.9.1921

அன்பு மாப்பிள்ளை மரியநாயகத்துக்கு அந்தோனிமுத்து எழுதுவது. மாதாவின் காவலில் நானும் உன் அக்கா இருதயம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் வயிற்றுவலி விட்டதா என்று கேட்டு எழுதச் சொன்னாள். கொழும்புக் கடைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்.

போன வாரம் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கந்தப்பன் கங்காணியின் மகளுக்குக் கல்யாணம். படம் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டார். மூன்று தோட்டத்துச் சொந்தபந்தமும் வந்து நின்றது. அறுபது பேருக்குக் குறையாது. தோட்டத்து வாசல் உனக்குத் தெரியாததா? பத்தடி முற்றம், அப்புறம் தண்ணீர் ஓடும் கான், கானுக்குக் கீழே பள்ளம். எல்லாரும் படத்துக்குள் விழ வேண்டுமென்று நான் கமராவோடு பின்னால் நகர்ந்தேன். இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று போய்க் கானுக்குள்ளேயே இறங்கிவிட்டேன். கமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்ததால் அது பிழைத்தது. முழங்கால் பிழைக்கவில்லை. கங்காணி ஓடி வந்து, "கமராவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். பாவி மனுஷன், என் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை!

அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் கமராக் கடைத் துரை, வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு சாமான் அசல் விலைக்கே கொடுப்பார் என்று சொன்னாயே, அகலமாகப் பிடிக்கிற லென்ஸ் வந்தால் எனக்காக ஒன்று எடுத்து வை. நின்ற இடத்தில் நின்றே அறுபது பேரையும் பிடித்துவிடலாம். அது மட்டும் கைக்கு வந்தால் இந்த ஊவா மாகாணத்திலேயே என்னை அடிக்க ஆள் கிடையாது.

அந்தக் கல்யாணத்துப் படங்கள் மூன்று வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. உன் அக்கா தொழிலில் கூடமாட ஒத்தாசையாக இருக்கிறாள்.

உன் மச்சான்,
அந்தோனிமுத்து


கொழும்பு,
2.10.1921

மதிப்புக்குரிய மச்சானுக்கும் அக்காவுக்கும் மரியநாயகத்தின் வணக்கம். வயிறு நன்றாக இருக்கிறது. மச்சானின் முழங்கால் எப்படி?

படங்களைப் பார்த்தேன். வெளியே எடுத்த இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஆனால் அந்த மூன்றாவது! வீட்டுக்குள்ளே பொண்ணுக்குத் தலை பின்னுகிறார்களே, அது. யாரோ ஏதோ சொல்லி, அந்தப் பிள்ளை சிரித்து ஓய்ந்த நொடி. கதவு வழியாக வந்த வெளிச்சம் பாதி முகத்தில் விழுந்திருக்கிறது. கமராவைக் கண்டால் நம் சனங்கள் விறைத்துப்போய் நிற்பார்கள். இவளோ கமரா இருப்பதையே மறந்துவிட்டாள். மச்சான், இத்தனை நாள் இந்தக் கையை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?

துரையிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கடைச் சுவரில் மாட்டி, கீழே உங்கள் பெயரை எழுதச் சொன்னார். வருகிறவன் போகிறவன் எல்லாம் யார் இந்த ஆள் என்று கேட்கிறான். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

நீங்கள் கேட்ட அகல லென்ஸ் வந்திருக்கிறது. கூடவே ஒரு கமராவும் வந்திருக்கிறது. ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விற்றது. தோல் துருத்தியில் ஒரு ஓட்டை இல்லை, லென்ஸும் அதிலேயே இருக்கிறது. அதுவும் அதே விலைக்குப் படியும். ஆனால் வருஷத்துக்கு ஒன்றுதான், கடைக்கணக்கில் வருஷம் ஏப்ரலில்தான் மாறும். நான் இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஏப்ரலில் துரை சீமைக்குப் போகிறார். அடுத்து வருகிறவர் இந்தச் சலுகையெல்லாம் கொடுப்பாரோ தெரியாது. யோசித்து எழுதுங்கள்.

அந்த மூன்றாவது படத்தை எப்படி எடுத்தீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

தங்கள் மைத்துனன்,
மரியநாயகம்


பதுளை,
30.10.1921

அன்பு மாப்பிள்ளைக்கு, இங்கே மழை கொட்டுகிறது. படம் கழுவின கண்ணாடிப் பிளேட் காய மாட்டேன் என்கிறது. மற்றபடி சுகம். உன் சுகத்துக்கு ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டோம்.

துரை சுவரில் மாட்டினாரா? நல்லது. சந்தோஷம். படம் எப்படி எடுத்தது என்று கேட்டாய். அதில் என்ன இருக்கிறது? கதவு திறந்திருந்தது, வெளிச்சம் வந்தது. அந்த நேரம் எனக்கு வெளியே முழங்காலில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், வலி உயிர் போனது. படம் எப்படியோ விழுந்துவிட்டது.

லென்ஸ்தான் வேண்டும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறது இரண்டு கை, அதற்கு ஒரு கமரா போதும்.

இங்கே ஒரு புதுச் சங்கதி. கடைவீதி ஸரூக் முதலாளி நேற்று வந்தார். அவர் மகள் ஜெனீராவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தைப் படம் பிடிக்க வேண்டுமாம், பொண்ணையும் பிடிக்க வேண்டுமாம். "ஆனா உள்ளுக்குப் பொம்பிளைங்க பக்கம் ஆம்பிளை ஒத்தரும் போக ஏலா. ஒங்கட வீட்டுக்காரி வந்து எடுத்துத் தருவாதானே?" என்கிறார். அந்தப் படத்தை வேறு ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது. படமும் பிளேட்டும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இதுதான் பேச்சு.

உன் அக்கா அடுக்களையிலிருந்து, "எடுக்கலாம்னு சொல்லுங்க" என்றாள். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே!

மச்சான்,
அந்தோனிமுத்து


கொழும்பு,
8.11.1921

அன்பான மச்சானுக்கு, தேவன் அருளால் இங்கு நலம். அங்கு நீங்களும் அக்காவும் மழையில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். வெளியே உட்கார்ந்து முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே உள்ளே படம் எடுக்கிற வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாருங்கள்!

அக்காவுக்குக் கமரா பிடிக்கத் தெரியுமென்று எனக்கு யாருமே சொல்லவில்லையே. சின்ன வயதில் பந்து எறிந்தால் பக்கத்து வீட்டுக் கூரையில் போடுகிற ஆள் அவள். முதலாளி வீட்டுக் கல்யாணம் எப்படி நடந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். லென்ஸைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கமராவையும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அன்புடன்,
மரியநாயகம்


பதுளை,
11.12.1921

மாப்பிள்ளைக்கு அந்தோனிமுத்துவின் ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

முதலாளி வீட்டுக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. உன் அக்கா மூன்று மணிக்கே கமராவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். மாப்பிள்ளை அரை மணி முந்தி வந்துவிட்டார்! பாட்டு, பன்னீர், குடை, எல்லாம் என் மூக்குக்கு நேரே போகிறது. நான் வெறும் கையோடு நிற்கிறேன். முதலாளி என்னைப் பார்க்கிறார், நான் கதவைப் பார்க்கிறேன். "ஏய் இருதயம், வெளியே வா" என்று அந்தக் கதவில் தட்ட முடியுமா? பிறகு மாப்பிள்ளையை மறுபடி தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். உயிரில்லாத படம்.

அன்றைக்கு இருட்டறைக்குள் அவள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். என் வீட்டு இருட்டறை, நான் கட்டினது, நான் வெளியே! கழுவி, அச்சுப் போட்டு, துணியில் சுற்றி, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். முதலாளியின் மனைவி உம்மு குல்தூம் அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்களாம். இப்போது கடைவீதியில் என்னைக் கண்டால் ஒவ்வொருத்தரும், "அருமையான படம் எடுத்தீங்களாமே" என்று கையைப் பிடிக்கிறார்கள். நான் அந்தப் படத்தைக் கண்ணால்கூடப் பார்த்தது இல்லை. "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

லென்ஸை அனுப்பி வை.

அந்தோனிமுத்து


கொழும்பு,
20.12.1921

மச்சானுக்கும் அக்காவுக்கும் நத்தார் வாழ்த்து. பாலன் பிறப்பு உங்கள் வீட்டுக்கு எல்லா நன்மையும் கொண்டுவரட்டும்.

லென்ஸை இன்னும் அனுப்பவில்லை. கோபிக்காதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் யாருமே கமராதான் வேண்டும் என்று சொல்வார்கள். இரண்டு கமரா இருந்திருந்தால் நீங்கள் வாசலில், அக்கா உள்ளே. ஒருவர் மற்றவருக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. எனக்கே விளங்குகிற இந்தச் சங்கதி உங்களுக்கு விளங்காமல் இருக்காது. அப்படியிருந்தும் ஏன் லென்ஸ் லென்ஸ் என்கிறீர்கள்?

அக்கா எடுத்த படம் ஏதாவது இருந்தால் எனக்கு ஒன்று அனுப்புங்கள். அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

தங்கள்,
மரியநாயகம்


கொழும்பு,
5.2.1922

அன்பு மச்சானுக்கு, நான் எழுதி ஒன்றரை மாதமாகியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சுகமா? அக்கா சுகமா? நான் எழுதினது மனதில் தைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் வாய் அப்படி.

சுவரில் இருக்கிற உங்கள் படத்தைப் பார்த்து, நேற்று ஒரு வெள்ளைக்காரப் படக்காரரே, "இந்த ஆளுக்குப் பெண்களின் மனசு தெரியும்" என்றார். அதைச் சொல்லத்தான் எழுதினேன். துரை கப்பல் டிக்கட் எடுத்துவிட்டார்.

மரியநாயகம்


பதுளை,
5.3.1922

மாப்பிள்ளை, உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. சுகம் விசாரித்தாய், சுகமாக இருக்கிறோம் என்று எழுத மனம் வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீ ஏசினாலும் சரி.

நாற்பது நாள் தபசு காலத்தில் கல்யாணம் கட்ட முடியாது என்பதால், விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை ஹல்துமுல்லைத் தோட்டத்துக் கோயிலில் சுவாமியார் ஒரே பூசையில் ஐந்து சோடிகளுக்குத் தாலி கட்டி வைத்தார். ஐந்து சோடியையும் ஒரே காலையில் படம் எடுக்க வேண்டும், கையில் ஒரு கமரா. பொண்ணுகள் தங்கள் லயத்து வீடுகளில் உடுத்தும்போது உன் அக்கா எடுப்பது, கோயில் வாசலில் நான் எடுப்பது என்று ஏற்பாடு. கமரா அங்கும் இங்கும் ஓடியது.

பிளேட் வைக்கிற மரப்பெட்டிகள் எல்லாம் ஒரே பையில். எடுத்து முடிந்த பெட்டியை நான் பையின் இடப்பக்கம் வைப்பேன். உன் அக்கா இடதுகைக்காரி; அவள் எப்போதும் வலப்பக்கம்தான் வைப்பாள். இது சரிப்படாது, நீயும் இடப்பக்கமே வை என்று அன்றைக்குக் காலையில் நான்தான் சொன்னேன். அவள் சொன்னபடியே வைத்தாள். நான் அவசரத்தில் நான் சொன்னதையே மறந்து, அவளுடைய பழைய பழக்கத்தை நினைத்து, இடப்பக்கத்தில் இருப்பதுதான் புதுசு என்று எடுத்துவிட்டேன். ஒரே பிளேட்டில் இரண்டு படம்! சவரியாயி என்று ஒரு பிள்ளை. லயத்தில் அவள் உடுத்தி நின்றதும், வாசலில் அவளும் மாப்பிள்ளையும் நின்றதும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, எதுவுமே உருப்படவில்லை.

எடுத்த கையோடு எனக்குத் தட்டுப்பட்டது, எடுத்து முடிந்ததற்கு அடையாளமாகப் பெட்டியின் ஓரத்தில் உன் அக்கா போட்டிருந்த சாக்குக்கட்டிக் கோட்டைப் பார்த்து. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை சனத்துக்கு முன்னால், "ஒன்னாலதான்டி! பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கத்தினேன். சவரியாயி அழுதாள்; அழுத முகத்தோடு அன்றைக்கு மறுபடி நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். அவளும் மாப்பிள்ளையும் ஆண்டவர் உயிர்த்த பாஸ்காப் பெருநாள் முடிந்த கையோடு மொனராகலைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். தபசு காலத்தில் பூவும் பட்டும் வைத்து மறுபடி நிற்கவும் முடியாது.

வீட்டுக்கு வந்து பிளேட்டைக் கழுவினேன். ஒன்றின் மேல் ஒன்று கிடந்தாலும், என் படம் எது, அவள் படம் எது என்று பார்த்தவுடன் தெரிந்தது. என்னுடையதில் இரண்டு பேர் கல் மாதிரி நிற்கிறார்கள். அவளுடையதில் ஒரு பிள்ளை, இன்னும் கழுத்தில் ஏறாத தாலிக்கயிற்றைக் கையில் ஏந்தி வைத்து, அது தன்னுடையதுதானா என்று பார்க்கிறாள்.

மரியநாயகம், உன் கடைச் சுவரில் இருக்கிற படம் நான் எடுத்தது இல்லை. நான் கானுக்குள் விழுந்து, வெளியே முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது உன் அக்கா எடுத்தது. அதற்குப் பிறகு நீ மெச்சினது, ஊர் மெச்சினது எல்லாம் அவளுடையது. அவள் என்னைவிட நன்றாக எடுக்கிறாள். எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன்.

அந்தோனிமுத்து


கொழும்பு,
12.3.1922

என் அன்பு மச்சானுக்கு, நலம். உங்கள் இருவருக்கும் மனச் சமாதானம் கிடைக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் கோபம் வந்தது. என் அக்காவைச் சபையில் வைத்து ஏசினீர்கள் என்று படித்ததும், அடுத்த வண்டியிலேயே ஏறி வந்து உங்களோடு சண்டை போட நினைத்தேன். கடைசி வரிகளைப் படித்த பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதை எழுத எத்தனை நாள் பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்திருப்பீர்கள்! எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது, மச்சான்.

துரையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து போய், படத்துக்குக் கீழே இருந்த பெயரை அடித்துவிட்டு, அக்காவின் பெயரைக் கேட்டார். 'இருதயம்மா' அவர் நாக்கில் புரளவில்லை. நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

லென்ஸும் கமராவும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இனி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இந்த மாதக் கடைசிக்குள் ஒரு வரி எழுதுங்கள்.

மரியநாயகம்


பதுளை,
19.3.1922

மாப்பிள்ளைக்கு, இருவரும் சுகம்.

கமராவை அனுப்பு.

லென்ஸ் வந்தால் என் படத்தில் அறுபது பேர் விழுவார்கள், அவள் என் பின்னால் நிற்பாள். கமரா வந்தால் அவள் எடுத்தது அவளுடையது என்று ஊருக்கே தெரிந்துபோகும். இத்தனை நாளும் நான் லென்ஸ் கேட்டது அந்தப் பயத்தில்தான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "எனக்கெதுக்குங்க, ஒங்களுக்கு லென்ஸ வாங்குங்க" என்பாள். நானும் சரி என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். சீக்கிரம் அனுப்பு.

அந்தோனிமுத்து


பதுளை,
20.4.1922

தம்பி மரியநாயகத்துக்கு அக்கா இருதயம்மா எழுதுகிறேன். உயிர்த்த ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக. இதுவரை உன் மச்சானின் கடிதத்தின் ஓரத்தில் உன் வயிற்றைத்தான் விசாரித்திருக்கிறேன். இந்தக் கடிதம் முழுக்க என்னுடையது.

பெட்டி வந்ததும் லென்ஸ் என்றுதான் நினைத்தேன். உள்ளே கமரா. "இது யாருக்கு?" என்று கேட்டேன். மச்சான், "கடையில் மாறி அனுப்பிட்டானுங்க போல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பொய் சொல்லக்கூட அவருக்குச் சரியாக வராது.

பாஸ்காவுக்கு மறுநாள் திங்கட்கிழமை இரண்டு கமராவையும் எடுத்துக்கொண்டு ஹல்துமுல்லைத் தோட்டத்துக்குப் போனோம். சவரியாயி மறுபடி பட்டு உடுத்தி, பூ வைத்து, மாப்பிள்ளையோடு கோயில் வாசலில் நின்றாள். மறுநாள் விடிந்தால் மொனராகலைக்குப் போக வேண்டிய பிள்ளை. அன்றைக்கு இருந்த அதே சனம் சுற்றி நின்றது. மச்சான் எடுக்கட்டும் என்று நான் ஓரமாக நின்றேன்.

அவர் தன் கமராவைப் பையை விட்டே வெளியே எடுக்கவில்லை. சனத்துக்கு நடுவில் போய் நின்றார். "அன்னிக்குப் பெட்டிய மாத்தி எடுத்தது நான்தான். பழிய இவ மேல போட்டுட்டேன். நீங்க இத்தனை நாளு என்னோடதுன்னு மெச்சின படமெல்லாம் இவ எடுத்தது. இன்னிக்கும் இவதான் எடுப்பா" என்றார். சத்தம் போட்டே சொன்னார். ஏசும்போது போட்டாரே, அதே சத்தம்.

சவரியாயியின் அம்மா, "அப்படியா சங்கதி? நீங்க வாங்கம்மா முன்னுக்கு" என்று என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

கமராவுக்குப் பின்னால் போய்க் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். பொண்ணும் மாப்பிள்ளையும் கலங்கலாகத் தெரிந்தார்கள். பழைய கமராதானே, ஏதோ கோளாறு என்று நினைத்து முன்னும் பின்னும் திருகித் திருகிப் பார்த்தேன். தெளியவே இல்லை. வெளியே மச்சான், "என்னம்மா, கோளாறா?" என்று மெல்லக் கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்றேன். கோளாறு கமராவில் இல்லை, தம்பி. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் பளிச்சென்று நின்றார்கள்.

அந்தப் படம் இத்துடன் இருக்கிறது. நான் எடுத்தது.

உன் அக்கா,
இருதயம்மா